வென்றவர் பதக்கமும் தோற்றவர் பொத்தானும்

நாடாண்ட மன்னர் தம் வெற்றிகளைக் கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்து வைத்தனர். முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் சாசனங்களின் தலைப்பிலே நின்று முழங்கும் மெய்க்கீர்த்திகளை வரலாறு கற்போர் நன்கறிவர். எந்நாட்டைக் கொண்டான், எம்மன்னனை வென்றான் என்பன அங்கே அடுக்கடுக்காகக் கூறப்படும். ஆயின், தோற்றோடிய மன்னனின் உள்ளத்தில் என்ன இருந்தது, அவன் பக்கம் நின்ற குடிமக்கள் எதனை நம்பி நின்றனர் என்பவற்றை அக்கற்கள் கூறா. வென்றவன் கூற்றே வரலாறாக எஞ்சிற்று.

மக்களாட்சியில் இந்நிலை மாறுதல் வேண்டும். தேர்தலில் தோற்றவனும் பல இலட்சம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றவனே. தேர்தல் முடிந்த மறுநாள் அவன் பெயர் மறக்கப்படலாம். ஆனால், அவனுக்கு வாக்களித்தோர் மறைந்துவிடுவதில்லை. அவர்களுடைய நம்பிக்கை எங்கே பதிவாகிறது? ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினாவுக்கு விடை தருவோர் பேரறிஞர் மட்டுமல்லர். பழைய மேசை இலாச்சிகளையும் பாட்டிமாரின் தையற் பெட்டிகளையும் துழாவித் தேர்தற் சின்னங்களையும் ஜனாதிபதிகளின் பதவியேற்புப் பதக்கங்களையும் சேகரிக்கும் சாதாரண மனிதர்களே அவ்விடையைப் பெரும்பாலும் காத்து வைத்திருக்கின்றனர். முத்திரை சேர்ப்பது போன்ற பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. சற்று நெருங்கி நோக்கினால், ஒரு மக்கட் கூட்டம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட கதைகள் யாவும் இச்சிறு பொருள்களிலே உறைந்து கிடப்பதைக் காணலாம்.

மேலங்கியில் ஒரு வாழ்த்து

1789 ஆம் ஆண்டு ஏப்பிரில் 30 ஆம் நாள் நியூ யோர்க் நகரத்துக் கூட்டாட்சி மண்டபத்தின் மேன்மாடத்தில் ஜோர்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகச் சத்தியப் பிரமாணஞ் செய்தார். அந்நாளையொட்டி அணிவதற்கெனச் செம்பிலும் பித்தளையிலும் பொத்தான்கள் செய்யப்பட்டன. இக்காலத்துச் சின்னங்களைப் போல ஊசியாற் குத்திக்கொள்பவை அல்ல அவை; மேலங்கியில் நூல்கொண்டு தைத்து, உண்மையான பொத்தான்களாகவே பயன்படுத்தியவை. சிலவற்றின் நடுவே வாஷிங்டனின் பெயரெழுத்துக்களும், சுற்றிலும் ‘ஜனாதிபதி நீடு வாழ்க’ என்னும் வாழ்த்தும் காணப்படும். மன்னனை வாழ்த்திப் பழகிய நா, மன்னன் இல்லாத நாட்டிலும் அப்பழைய வாழ்த்தையே பாடிற்று என்பது கவனிக்கத் தக்கது.

இன்னொரு வகைப் பொத்தானில், ஒன்றோடொன்று கோத்த பதின்மூன்று வளையங்கள் சங்கிலி போற் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் ஒவ்வொரு மாநிலத்தின் பெயரெழுத்து இருக்கும். ஆயின், வாஷிங்டன் பதவியேற்ற அந்நாளில் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டிருந்த மாநிலங்கள் பதினொன்றே. வட கரோலினா அவ்வாண்டு நவம்பரிலும், றோட் ஐலன்ட் அடுத்த ஆண்டு மே மாதத்திலுமே ஒன்றியத்துட் சேர்ந்தன. எனவே, அப்பொத்தான் உள்ளதைக் காட்டவில்லை. உள்ளதாக வேண்டியதைக் காட்டிற்று. அரசியற் சின்னம் ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது நாம் நினைவிற் கொள்ளவேண்டிய முதற் பாடம் இதுவே.

அவ்வாண்டிற் போட்டி இல்லை. தேர்வாளர் அறுபத்தொன்பதின்மரும் வாஷிங்டனுக்கே வாக்களித்தனர். ஆகையால், பதவியேற்பைப் போற்றும் சின்னமும் கட்சிச் சின்னமும் அப்போது வேறு வேறாகப் பிரியவில்லை. பின்னரே அவை இருகிளைகளாயின. ஒரு கிளை வென்றவர்க்குரிய பதக்கம். மற்றையது போட்டியிட்டோர் அனைவர்க்கும் உரிய தேர்தற் சின்னம்.

பதக்கம் பேசும் மொழி

பதக்கக் கிளையின் பழைய பகுதி துயரம் நிறைந்தது. அமெரிக்காவின் பூர்விகக் குடிகளின் தலைவர்களுக்கு ஜனாதிபதியின் பெயரால் வெள்ளிப் பதக்கங்கள் வழங்கும் வழக்கம் வாஷிங்டன் காலத்திலேயே இருந்தது. ஜெபர்சன் காலத்துப் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் அவருடைய உருவமும், மறுபக்கத்தில் ஒன்றையொன்று பற்றிய இரு கரங்களும், ‘சமாதானமும் நட்பும்’ என்னும் தொடரும் பொறிக்கப்பட்டிருந்தன. 1804 ஆம் ஆண்டில் மேற்றிசை நோக்கிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் என்போர் இத்தகைய பதக்கங்களைத் தம் மூட்டைகளிற் சுமந்து சென்று குலத்தலைவர்களுக்கு அளித்தனர். பெற்றவர் அதனைப் பெருமதிப்போடு மார்பில் அணிந்தனர். சிலர் இறந்தபோது அது உடன் புதைக்கப்பட்டது.

அதே கரங்களும் அதே சொற்களும் அன்ட்று ஜக்சனுடைய பதக்கத்திலும் உண்டு. ஆனால், 1830 ஆம் ஆண்டிற் பூர்விகக் குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றுஞ் சட்டத்திற் கையொப்பமிட்டவரும் அவரே. 1838 ஆம் ஆண்டிற் செரோக்கியர் தம் நிலத்தினின்றும் வலிந்து வெளியேற்றப்பட்டு, வழிநெடுக ஆயிரக்கணக்கில் மாண்டனர். பதக்கத்தை மட்டும் கண்டவன் அதனை நட்பின் சான்று என்பான். சட்டத்தையும் சேர்த்துப் படித்தவனோ அப்பற்றிய கரங்களை வெகுநேரம் நோக்கி மௌனமாக இருப்பான்.

பதவியேற்பு விழாக் குழுவினர் முறையாக வெளியிடும் பதக்க வரிசை 1901 ஆம் ஆண்டில் மக்கின்லியின் இரண்டாம் பதவியேற்போடு தொடங்குவதாகச் சேகரிப்போர் கொள்வர். 1905 ஆம் ஆண்டிற் பதவியேற்ற தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு விழாக் குழுவினரின் பதக்கம் சிறிதும் பிடிக்கவில்லை. கலையுணர்வில்லாத வெறும் உலோகத் தகடு என அவர் அதனைக் கருதினார். நாட்டின் தலைசிறந்த சிற்பியான ஓகஸ்தஸ் செயின்ட் கோடன்ஸ் என்பவரை வேறொரு பதக்கம் சமைக்குமாறு வேண்டினார். அவருடைய மேற்பார்வையில் அடொல்ப் வைன்மன் உருவாக்கிய பதக்கத்தில், ‘ஒவ்வொருவர்க்கும் நியாயமானது’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் இடம்பெற்றது. ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றி யாவர்க்கும் நேரிய பங்கு என்று ரூஸ்வெல்ட் மேடைதோறும் முழங்கிய கொள்கையே அது. வெண்கலத்தில் ஏறத்தாழ 125 பதக்கங்களே வார்க்கப்பட்டன. அப்பதக்கத்தின் அழகு ஜனாதிபதியின் ஆசையை வளர்த்தது. நாட்டின் பொன் நாணயங்களையும் அச்சிற்பியே திருத்தியமைக்கலானார். 1907 ஆம் ஆண்டில் அந்நாணயங்கள் மக்கள் கைக்கு வருமுன்னரே சிற்பி காலமானார்.

இத்தகைய பதக்கம் உருவாகும் முறை பொறுமையைச் சோதிப்பது. சிற்பி முதலிற் பதக்கத்தைப் போலப் பல மடங்கு பெரிதாகக் களிமண்ணில் உருவஞ் சமைப்பான். அதிலிருந்து சாந்துப் பிரதி எடுக்கப்படும். உருவைச் சிறுக்கும் பொறியொன்று அப்பிரதியின் மேடு பள்ளங்களைத் தடவிச் சென்று எஃகு அச்சிற் செதுக்கும். பின்னர் வெண்கலத் தட்டை அவ்வச்சுக்களிடையே வைத்து அழுத்துவர். காய்ச்சி இளக்கி மீண்டும் அழுத்துவர். உருவம் முழுமையாக எழும்வரை இது தொடரும். இறுதியில் இரசாயனக் கலவையால் நிறமூட்டுவர். 1933 ஆம் ஆண்டிற் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் பதக்கத்தையும், 1961 ஆம் ஆண்டிற் கென்னடியின் பதக்கத்தையும் வடித்தவர் போல் மன்சிப் என்னும் ஒரே சிற்பி என்பது இவ்வரிசையிற் காணும் சுவையான ஒற்றுமைகளுள் ஒன்று.

ஆயின், எத்துணை அழகாயினும் பதவியேற்புப் பதக்கத்துக்கு ஒரு குறை உண்டு. அது ஆட்சி தொடங்குமுன்னரே அச்சாகிவிடுகிறது. வரப்போவதை அது அறியாது. வரிசையின் முதற் பதக்கத்திற்குரிய மக்கின்லி, பதவியேற்ற ஆறு மாதங்களிற் கொலைஞனின் குண்டுக்கு இரையானார். 1929 மார்ச் மாதம் ஹூவர் பதவியேற்றபோது நாடு செழிப்பில் மிதந்தது; ஒக்டோபரிற் பங்குச் சந்தை சரிந்தது. 1973 ஜனவரியில் இரண்டாம் முறை பதவியேற்ற நிக்சன் அடுத்த ஆண்டு ஓகஸ்டில் இராஜினாமாச் செய்தார். வெண்கல முகங்களில் இவற்றின் நிழல்கூட இல்லை. அவை யாவும் நிமிர்ந்தே நிற்கின்றன.

மரக்குடிலும் தங்க வண்டும்

மற்றைக் கிளையாகிய தேர்தற் சின்னம் வெண்கலத்தின் கம்பீரம் அறியாதது. பட்டு நாடா, பித்தளைத் தகடு, தகரம், காகிதம் என மலிவான பொருள்களே அதன் உடல். ஆனால், பேச்சு அங்கேதான் உயிரோடு கேட்கிறது.

1840 ஆம் ஆண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஹென்றி ஹரிசன் என்னும் முதிய படைத்தலைவரை எள்ளி நகையாடிய எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று, ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் சிறிது உபகாரச் சம்பளமும் கொடுத்தால் அவர் மரக்குடிலில் இருந்து வாழ்நாளைக் கழித்துவிடுவார் என்று எழுதிற்று. அவருடைய கட்சியினர் அவ்வசையையே கொடியாக உயர்த்தினர். மரக்குடிலும் மதுப் பீப்பாயும் பொறித்த சிறு உலோக வில்லைகள் நாடெங்கும் பரவின. மேலே துளையிட்டு நாடா கோத்து மக்கள் அவற்றை மார்பில் தொங்கவிட்டனர். உண்மையில் ஹரிசன் குடிலிற் பிறந்தவரல்லர். வேர்ஜீனியாவின் பெருந்தோட்ட மாளிகையொன்றிற் பிறந்தவர். சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட பெருமகனின் மைந்தர். ஆயினும், வாக்குரிமை உடையோருள் நூற்றுக்கு எண்பது பேர்வரை வாக்களித்த அத்தேர்தலிற் குடிலே வென்றது. வென்றவரோ பதவியேற்ற ஒரு மாதத்தில் நோயுற்று இறந்தார். அவ்வில்லை ஹரிசனைப் பற்றிப் பொய் சொல்கிறது. தம்மைப் போன்ற ஒருவன் தம்மை ஆளவேண்டுமென விரும்பிய மக்களைப் பற்றியோ உண்மையையே சொல்கிறது.

1860 ஆம் ஆண்டில் நிழற்படக் கலை இத்துறையினுட் புகுந்தது. மெல்லிய இரும்புத் தகட்டிற் பதித்த சிறு படங்களைப் பித்தளை வளையத்துட் பொருத்தி, ஒரு பக்கம் லிங்கனும் மறுபக்கம் உப ஜனாதிபதி அபேட்சகர் ஹம்லினும் தோன்றுமாறு செய்தனர். தொலைவூரிலுள்ள உழவன் ஒருவன் தான் வாக்களிக்கும் மனிதனின் மெய்யான முகத்தை முதன்முதலாகத் தன் உள்ளங்கையிற் கண்டான். அம்முகத்தில் தாடி இல்லை. லிங்கன் தாடி வளர்த்தது தேர்தலுக்குப் பின்னரே. ஆதலால், தாடியில்லாத சின்னம் 1860 ஐயும் தாடியுள்ளது பெரும்பாலும் 1864 ஐயும் சேரும் எனக் கற்றுக்குட்டிகளுக்கு மூத்தோர் சொல்லிக்கொடுப்பர்.

1896 ஆம் ஆண்டில் வந்ததே இன்று நாம் காணும் பொத்தான். அச்சிட்ட காகித வட்டத்தை உலோகத் தட்டின்மேல் வைத்து, ஒளிபுகும் செலுலோயிட்டுத் தகட்டால் மூடி, விளிம்பை மடித்து, பின்புறம் ஊசி பொருத்தும் முறையை நியூ ஜேர்சி மாநிலத்து நெவார்க் நகரில் இருந்த வைற்ஹெட் அன்ட் ஹோக் நிறுவனம் பெருந்தொழிலாக்கியது. அவ்வாண்டுப் போட்டியோ நாணயத்தைப் பற்றியது. நாணயத்துக்கு ஆதாரம் பொன் மட்டுமே என்றார் மக்கின்லி. பதினாறு பங்கு வெள்ளி ஒரு பங்கு பொன்னுக்குச் சமம் என்ற கணக்கில் வெள்ளியையும் தடையின்றி நாணயமாக்குக என்றார் முப்பத்தாறு வயதினரான பிரையன். கடனில் மூழ்கிய விவசாயிகள் அவர் பின் திரண்டனர். பொன் கட்சியினர் தங்க நிற வண்டுகளை மார்பில் அணிந்தனர். சில வண்டுகளின் சிறகை அழுத்தினால் விரிந்து, உள்ளே அபேட்சகர்களின் படம் தோன்றும். வெள்ளிக் கட்சியினரின் பொத்தான்களிலோ கடிகாரம் ஒன்றுக்குப் பதினாறு நிமிடம் இருப்பதாகக் காட்டிற்று. பிரையனை நையாண்டி செய்வோர், ஒரு டொலர் பெறுமதியான வெள்ளி முழுவதையும் கொண்டால் நாணயம் எத்துணைப் பெரிதாகும் எனக் காட்ட, சாதாரண வெள்ளி டொலரினும் மிகப் பெரிய வில்லைகளைச் செய்து வழங்கினர். பொருளியற் பாடநூலின் கடினமான அதிகாரம் ஒன்றை ஒரு கைப்பிடிச் சின்னங்கள் விளக்கிவிடுகின்றன.

தோற்றவர் சின்னம்

1920 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட பெருங்கட்சியினர் இருவரும் ஒகையோ மாநிலத்தவர்; இருவரும் பத்திரிகை உரிமையாளர். ஹார்டிங் நூற்றுக்கு அறுபது வாக்குகள் பெற்றுப் பெருவெற்றி எய்தினார். ஜேம்ஸ் கொக்ஸ் தோற்றார். பணமுடையால் அவர் கட்சி சின்னங்களுக்குச் செலவிட்டதும் சொற்பமே. ஆகையால், கொக்ஸும் அவருடைய உப ஜனாதிபதி அபேட்சகரும் அருகருகே தோன்றும் பொத்தான்கள் மிகச் சிலவே எஞ்சின. 2022 ஆம் ஆண்டில் நடந்த ஏலமொன்றில் அத்தகைய பொத்தானொன்று 1 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோயிற்று.

தோற்றவரின் பொத்தானுக்கு ஏன் இத்துணை மதிப்பு? அருமை ஒரு காரணம். பொத்தானில் உள்ள இரண்டாவது முகம் மற்றொரு காரணம். முப்பத்தெட்டு வயதில் உப ஜனாதிபதிப் பதவிக்கு நின்று தோற்ற அவ்விளைஞர் அடுத்த ஆண்டிலேயே இளம்பிள்ளை வாதத்தாற் கால்கள் செயலிழந்தார். அவருடைய அரசியல் வாழ்வு முடிந்ததெனப் பலரும் எண்ணினர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1932 இல், பிராங்ளின் ரூஸ்வெல்ட் என்னும் அவர் ஜனாதிபதியாகத் தெரிவானார். அதன் பின்னும் மும்முறை வென்றார். அப்பொத்தானைக் கையில் ஏந்துவோன், தோல்வி என்பது எப்போது முடிவாகிறது என்ற வினாவையும் உடன் ஏந்துகிறான்.

அதே தேர்தலின் இன்னொரு பொத்தானில், சிறையுடை அணிந்த மனிதர் ஒருவரின் படமும், ‘ஜனாதிபதிப் பதவிக்குக் கைதி இலக்கம் 9653’ என்ற வாசகமும் காணப்படும். அவர் யூஜின் டெப்ஸ் என்னும் சோசலிசத் தலைவர். முதலாம் உலகப் போரை எதிர்த்து 1918 இல் ஆற்றிய சொற்பொழிவுக்காகப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பெற்று, அட்லாந்தாச் சிறையில் இருந்தவாறே போட்டியிட்டார். ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தனர். அவரைத் தோற்கடித்த ஹார்டிங்கே 1921 டிசம்பரில் அவரை விடுதலை செய்தார். டெப்ஸுக்குப் பதவியேற்புப் பதக்கம் எக்காலத்தும் வார்க்கப்படவில்லை. ஒன்பது இலட்சம் மனிதர் சிறைக்கம்பிக்கு அப்பால் கண்ட நம்பிக்கைக்கு அத்தகரத் துண்டே சாசனம்.

சேகரிப்போனின் கடமை

இவ்வாறு சேகரிப்போர் 1945 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியற் பொருட் சேகரிப்போர் என்னும் பெயரிற் சங்கமொன்றை அமைத்தனர். 1959 ஆம் ஆண்டில் டொயில் டெவிற் என்பவர் முதல் நூறாண்டுச் சின்னங்களை வகைப்படுத்தி வெளியிட்ட நூல் இத்துறையை ஆராய்ச்சித் தரத்துக்கு உயர்த்திற்று. றல்ப் பெக்கர் என்னும் வழக்கறிஞர் தாம் சேர்த்தவற்றை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கினார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்று நூதனசாலையின் அலுவலர் இரு கட்சிகளின் மகாநாடுகளுக்கும் சென்று, பேராளரிடமிருந்து பொத்தான்களையும் தொப்பிகளையும் அட்டைகளையும் கேட்டுப் பெறுவர். நாளை அரும்பொருளாவது இன்று குப்பையாகக் கிடக்கும்போதே பொறுக்கப்படுதல் வேண்டும் என்பதை அவர்கள் அறிவர்.

விலை ஏறிய இடத்திற் போலியும் வந்து சேரும். பழைய பொத்தான்களின் பிரதிகளை வணிக நிறுவனங்கள் விளம்பரத்துக்காக அச்சிட்டு வழங்கின. அவற்றின் விளிம்பெழுத்தைச் சுரண்டிப் பழையவையென விற்றோரும் உளர். ஆகவே, அரசியற் பொருளின் பிரதியில் அது செய்யப்பட்ட ஆண்டு அழியாதவாறு பொறிக்கப்படல் வேண்டும் என 1973 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. அனுபவமிக்கோர் முகப்பை மட்டும் பாரார். விளிம்பையும், பின்புறத்து ஊசியையும், உள்ளே ஒட்டிய தயாரிப்பாளர் காகிதத்தையும் உருப்பெருக்குக் கண்ணாடிகொண்டு நோக்குவர். செலுலோயிட்டு மூடிய காகிதமுகப் பொத்தான்கள் இருந்த ஆண்டிலே வெறும் தகரத்தில் நேரே அச்சிட்ட ஒன்று அகப்பட்டால், ஐயம் அங்கேயே எழும்.

இதனினும் கடினமான சோதனை ஒன்று உண்டு. 1868 ஆம் ஆண்டுத் தேர்தலில், ஜனநாயகக் கட்சி அபேட்சகர் செமோருக்கு ஆதரவாக, இது வெள்ளையர் நாடு, வெள்ளையரே ஆளுக எனக் கூசாது கூறும் சின்னமொன்று வெளிவந்தது. அடிமைத்தளை அறுந்து மூன்றாண்டுகூட முற்றாக நிறையாத காலம் அது. இத்தகைய பொருளைச் சேகரிப்பவன் என்ன செய்வது? உருக்கிவிடலாம், மறைத்துவிடலாம். ஆனால், அதனை அழித்தால், அதனை மார்பில் அணிந்து தெருவில் நடந்தோர் இருந்ததில்லை என்றாகிவிடும். ஆகையால், நேர்மையுடைய சேகரிப்போன் அதனை வைத்திருப்பான். ஆண்டையும் பொருளையும் எழுதி, பெருமையின்றி வைத்திருப்பான். அதனருகே 1972 ஆம் ஆண்டின் பொத்தான் ஒன்றையும் வைப்பான். அமெரிக்க காங்கிரசுக்குத் தெரிவான முதற் கறுப்பினப் பெண்மணி சேர்லி சிசம், அதே கட்சியின் ஜனாதிபதி நியமனத்தை நாடி அவ்வாண்டிற் களமிறங்கினார். அவரும் வெல்லவில்லை. இரண்டு தோல்விகளுக்கும் இடையில் நூற்றுநான்கு ஆண்டுகள். அவ்விடைவெளியில் நிகழ்ந்ததே வரலாறு.

வெண்கலப் பதக்கம் மட்டும் எஞ்சியிருக்குமாயின் அமெரிக்க வரலாறும் மற்றொரு மெய்க்கீர்த்தியாகவே இருந்திருக்கும். தகரமும் காகிதமும் உடனிருப்பதாலேயே அது உரையாடலாக நமக்குக் கேட்கிறது.

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் கடல் கடந்து பதக்கம் தேடவேண்டியதில்லை. 1931 ஆம் ஆண்டிலே சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு நம்முடையது. அன்று தொட்டு எத்தனை துண்டுப் பிரசுரங்கள், எத்தனை சுவரொட்டிகள் அடுப்பெரிக்கவும் கடலை சுற்றவும் போயின! அவற்றுள் வென்றோர் பெயரும் இருந்தன. தோற்றோர் பெயரும் இருந்தன. அடுத்த தேர்தல் முடிந்த மறுநாட் காலை, வாயிலிற் கிடக்கும் காகிதத்தைக் கூட்டித் தள்ளுமுன் ஒன்றையேனும் எடுத்து, பின்புறத்தில் ஆண்டையும் ஊரையும் எழுதி ஒரு நூலினுள் வைப்போமாக. இயலுமாயின், அது நாம் வாக்களியாதவருடையதாக இருக்கட்டும்.